ஐடிலில் இறங்கும் விமானம்

கொழும்பிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால், அது திருச்சுழிக்குச் சற்றுக் கிழக்கே போகும். அந்த வானம் பார்த்த பூமியின் கண்மாய்களுக்கு மேலே நேராக இறங்கிவரும் ஜெட் விமானம் ஏறத்தாழ 7,000 அடியில் இருக்க வேண்டும். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல்மைல் என்பது விமானிகளின் மனக்கணக்கு. தடையில்லாத இறக்கமானால் அதுவரை இன்ஜின்கள் ஐடிலில்தான் ஓடும். தீ அணையாமல் இருக்கவும், பயணிகள் அறைக்குக் காற்றும் மின்சாரமும் கொடுக்கவும் வேண்டிய அளவே எரியும். விமானத்தை நகர்த்துவது அதுவரை சேர்த்துவைத்த உயரம். எரிபொருள் மிச்சமாகிறது, கீழே உள்ள ஊர்களுக்கு இரைச்சலும் குறைகிறது. இடையிடையே சமதளத்தில் பறந்து, விசையைக் கூட்டிக் குறைத்துப் படிப்படியாக இறங்கும் முறையைவிட இது மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இந்த மேன்மை தரையை நெருங்க நெருங்கத் தேய்கிறது. ஐடிலில் இருக்கும் டர்போஃபேன் கேட்டவுடன் விசை தராது. சுழற்சி ஏறுமுன் எரிபொருளைக் கொட்டினால் கம்ப்ரசர் திணறும். ஆகவே அளந்துதான் விட முடியும். தரையிறங்காமல் மேலெழும் திறனைக் கணக்கிடும் சான்றளிப்பு விதிகளே, நெம்புகோலைத் தள்ளி 8 நொடி கழித்துக் கிடைக்கும் விசையைத்தான் எடுத்துக்கொள்கின்றன. 1990 பிப்ரவரி 14 அன்று மும்பையிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானத்துக்கு அந்த நொடிகள் கிடைக்கவில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், இன்ஜின்கள் ஐடிலிலேயே நிற்கும் இறக்க நிலையில் வேகம் குறைந்துகொண்டே போனது. விசை கூட்டியபோது நேரம் கடந்துவிட்டது. ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்து, 146 பேரில் 92 பேர் இறந்தார்கள்.

அது விமானிகளின் கவனப் பிசகுதானே என்பார்கள். விசாரணையும் அதைச் சொன்னது, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலையில் மூக்கை உயர்த்தினால் வேகம் விழும், அதை ஈடுகட்ட விசை தானாக வராது. இப்படி மனிதக் கவனம் ஒன்றையே நம்பும் முறையைத் தாழ்வான உயரத்தில் வைத்திருப்பது தவறு. ஆபத்தில் தானே முழு விசை கேட்கும் பாதுகாப்பு ஏ320இல் இருக்கிறதே என்றால், அதுவும் அதே இன்ஜினிடம்தான் கேட்கிறது, அதே நொடிகள் காத்திருக்கிறது. மடக்கிறக்கை விரித்ததும் ஐடில் வேகத்தையே சற்று உயர்த்திவைக்கும் ஏற்பாடு பல இன்ஜின்களில் இருக்கிறது. அதுவும் தாமதத்தைக் குறைக்கிறதே தவிர, போக்கிவிடுவதில்லை. ஆகவே ஆயிரம் அடிக்குள் வேகமும் விசையும் நிலைப்படாத விமானம் இறங்கக் கூடாது, மேலெழ வேண்டும். எரிபொருள் மிச்சத்தைப் பாராட்டும் நிறுவனங்கள், அப்படி மேலெழுந்த விமானியைச் செலவுக்கணக்கு கேட்டு உறுத்தக் கூடாது.