“தகுதியுள்ள” பெண்கள்

பொன்னேரிக்குக் கிழக்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயின் வடபகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெட்டப்பட்டது. அதற்குப் பெயர் வந்ததோ தாது வருஷப் பஞ்சத்தில். 1877–78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி நிவாரண வேலையாகத் தோண்டப்பட, அன்றைய ஆளுநரின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. மண் சுமந்தவர்களுக்கு என்ன மிஞ்சியது? சில புகைப்படங்கள்.

ராணுவ அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த அந்தப் படங்களைப் பலரும் பார்த்திருப்போம். எலும்பு துருத்திய உடல்கள், வரிசையாக உட்காரவைக்கப்பட்ட பெண்கள், மடியில் குழந்தைகள். ஒரு படத்தின் தலைப்பு, அதிலிருப்பவர்களை “இலவச நிவாரணத்துக்குத் தகுதியுள்ளவர்கள்” என்கிறது. எனக்கு உறுத்துவது எலும்புகளைவிட இந்தத் “தகுதி”தான். இது இங்கே பிறந்த சொல் அல்ல. இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டு ஏழைச் சட்டம், உதவி பெறுபவரின் நிலை மிகக் கீழான கூலியாளின் நிலையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்றது. லண்டன் ஏழையைச் சந்தேகித்த அதே கண்தான் சென்னை மாகாணப் பெண்ணையும் அளந்தது.

1877 ஜனவரி 1இல் டெல்லி தர்பாரில் விக்டோரியா பேரரசியாக அறிவிக்கப்பட்டார். அதே மாதம் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார்: ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஒரு அணா. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. பாலூட்டும் உடலுக்குக் கூடுதலாக வேண்டும் என்பது எந்தக் கிழவிக்கும் தெரியும். கணக்குப் புத்தகத்துக்குத் தெரியவில்லை. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இந்த அளவை எதிர்த்து வாதாடினார். சிறைக் கைதிக்குக் கிடைத்த சோறே இதைவிட அதிகம். திருடியவள் உள்ளே சாப்பிட்டாள், கூடை சுமந்தவள் வெளியே பட்டினி கிடந்தாள் என்றால், குற்றம் என்ற சொல்லை எங்கே வைப்பது?

டெம்பிளைக் கண்டிப்பது சுலபம். நம்மவர்கள் செய்வதையும் பார்க்க வேண்டும். காலனியக் கொடுமைக்குச் சாட்சி என்று இதே படங்களை அட்டையிலும் சுவரொட்டியிலும் போடுகிறோம். அந்தப் பெண்களுக்கு அன்றும் பெயர் இல்லை, இன்றும் இல்லை. அவர்களுடைய மேலாடையற்ற உடலை வெட்டி, பெரிதாக்கி, “பாரத மாதாவின் கண்ணீர்” என்கிற ரீதியில் எழுதுவது இன்னொரு வகை வரிசைப்படுத்தல்தான். படத்தை அச்சிட்டே ஆக வேண்டும் என்றால், ஹூப்பரின் தலைப்பை எடுத்துவிட்டு, அதன் கீழே அந்தக் கூலிக் கணக்கை அச்சிடலாம்: ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இன்னும் குறைவு.