முதல் அடியின் அழுத்தம்
ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் ‘தி பேபேக்’ 1973 டிசம்பரில் வந்த இரட்டை இசைத்தட்டு. ‘ஹெல் அப் இன் ஹார்லெம்’ படத்துக்காகப் போட்ட இசை இது. படக்காரர்கள் வேண்டாமென்று ஒதுக்கிவிட, தனி ஆல்பமாக வந்து சக்கைப்போடு போட்டது. எட்டே பாட்டு, எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும்.

தலைப்புப் பாடலைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேளுங்கள். ஜாபோ ஸ்டார்க்ஸ் டிரம்ஸில் அலட்டிக்கொள்வதே இல்லை. பேஸும் அவரும் தாளத்தின் முதல் அடியை அழுத்திப் பிடிக்க, மிச்ச இடத்தில் ஜிம்மி நோலனின் கிட்டார் விறுவிறுவென்று சுரண்டுகிறது. வாவா பெடல் போட்ட இன்னொரு கிட்டார் இழை இடையிடையே முனகும். டிராம்போன்காரர் ஃபிரெட் வெஸ்லி வழிநடத்தும் ஊதுகருவிகள் நறுக்கென்று ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. பழிவாங்கத் துடிப்பவராகப் பிரவுன் உறுமுகிறார். ஏழு நிமிடமும் யாரும் அவசரப்படுவதில்லை.

மேடையில் தப்பாக வாசித்தால் அபராதம் போட்டவர் பிரவுன். அவருக்குப் பின்னணி வாசித்த ‘ஜே.பி.ஸ்’ குழுவின் கச்சிதத்தில் அந்தக் கண்டிப்பு தெரிகிறது. பெயர் நட்சத்திரத்துடையது, ஆட வைப்பதென்னவோ பின்னால் நிற்பவர்கள்தான்.