வைரம் வந்த வழி

துப்பறியும் நாவலைப் பற்றித் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் எழுதப் புகுவது நண்பர் சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். பொழுதுபோக்கு நூலுக்கு இத்துணை மை செலவழிப்பானேன் என்பர். ஆனால் மக்கள் விரும்பிப் படிப்பதை ஆராய மறுக்கும் விமர்சனம், நோயாளியைப் பாராமலே மருந்தெழுதும் வைத்தியத்தை ஒத்தது. நம் வகுப்புகளின் பின்வாங்குகளில், மேசைக்கடியில் மறைத்து வைத்து வாசிக்கப்படுவது சிலப்பதிகாரமன்று என்பதை ஆசிரியராயிருப்போர் அனைவரும் அறிவர்.

மார்கழி மாதத்துப் புறக்கோட்டையைக் கண்டவர்களுக்கு அதன் நத்தார்ச் சந்தடியை நான் விவரிக்க வேண்டியதில்லை. அத்தகைய ஒரு மாலையில், நடைபாதையில் விரித்திருந்த பழைய புத்தகங்களிடையே அகதா கிறிஸ்டியின் 'ஹேர்க்கியூல் புவாரோவின் நத்தார்' கிடைத்தது. 1938ஆம் ஆண்டு வெளிவந்த நாவல். இரண்டே இரவில் படித்து முடித்தேன். முடித்த பின் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனிடம் கொடுத்தேன். ஆங்கிலம் பழக இதைவிட எளிய வழி இல்லை என்பது என் எண்ணமாயிருந்தது. அவன் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. மாமன் நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை தூக்கும் நாட்டாமை. அவருடன் தங்கிப் படிக்கிறான்.

கதை இதுதான். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் கோர்ஸ்டன் மாளிகை. அதன் உடைமையாளர் சிமியோன் லீ, தென்னாப்பிரிக்காவில் வைரத்தால் கோடீசுவரரானவர். இப்பொழுது நோயாளிக் கிழவர். நத்தாருக்கென மக்கள் அனைவரையும் வருவிக்கிறார். தந்தை சொல் தட்டாத அல்பிரட், பாராளுமன்ற உறுப்பினனான கஞ்சன் ஜோர்ஜ், தாய்க்கு இழைத்த கொடுமையை மறவாத டேவிட், ஊதாரி ஹரி, ஸ்பெயினிலிருந்து பேத்தி முறையில் வரும் பிலார் என்று வீடு நிறைகிறது. நிறைந்த வீட்டில், வழக்கறிஞரை வரவழைத்து மரணசாசனத்தை மாற்றப்போவதாக எல்லோர் காதிலும் விழும்படி கிழவர் பேசுகிறார். நத்தாருக்கு முந்திய இரவு, உட்பக்கம் பூட்டிய அறையிலிருந்து தளவாடங்கள் உருளும் ஓசை, ஓர் அலறல். கதவை உடைத்தால் இரத்த வெள்ளம். பெட்டகத்திலிருந்த பட்டை தீட்டாத வைரங்களைக் காணவில்லை.

புதிரைப் பின்னுவதில் கிறிஸ்டி அம்மையாரின் திறமையை மறுப்பது நேர்மையாகாது. அத்துடன், சொத்து ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அவர் நன்கறிவார். வளர்ந்த பிள்ளைகள் தந்தை அனுப்பும் படிப்பணத்துக்குக் காத்திருப்பதும், ஒருவர் பங்கு குறைந்தால் தம் பங்கு கூடுமோ என்று மனத்துள் கணக்கிடுவதும், இரங்கல் முகத்தோடு சாசனத்தைச் செவிமடுப்பதும் மிகையின்றி வந்துள்ளன. பாசம் என்னும் திரையை விலக்கிப் பார்த்தால் பேரேடுதான் இருக்கிறது என்பதை நம் சமூக நாவல்கள் பல இவ்வளவு துணிவாகச் சொன்னதில்லை.

புத்தகத்தைப் படித்து முடித்த மாணவன் என்னிடம் வந்து கேட்டான்: "சேர், கொன்னது யாருன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. ஆனா அந்தக் கெழவருக்கு அம்புட்டு வைரம் எப்புடி வந்திச்சு?"

நாவலில் யாரும் கேட்காத கேள்வி அது. புவாரோவும் கேட்கவில்லை. வைரம் களவுபோனதென்றால் நாவலின் அகராதியில் பெட்டகத்திலிருந்து போனது என்றே பொருள். ஆப்பிரிக்க மண்ணிலிருந்து அது போனது களவு என்ற வரிசையில் சேரவில்லை. கிம்பர்லியில் 1880களின் நடுப்பகுதியிலிருந்து கறுப்புத் தொழிலாளரை மூடிய முகாம்களில் அடைத்து வைத்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியும் வரை அவர்கள் வெளியேற முடியாது. முடிந்து வெளியேறும்போது ஆடை களைந்து உடலைத் துருவிச் சோதித்தார்கள். கல்லை விழுங்கியிருக்கக்கூடும் என்று நாட்கணக்கில் காவலில் வைத்துப் பார்த்தார்கள். 1888இல் சிசில் ரோட்ஸ் அச்சுரங்கங்களை டி பியர்ஸ் என்ற ஒரே கம்பெனியின் கீழ்க் கொண்டுவந்தார். இந்த வரலாற்றின் பயனைத்தான் கிழவர் சிமியோன் விரல்களிடையே வழியவிட்டு மகிழ்கிறார். வாசகரும் அக்கற்களின் ஒளியில் மயங்குகிறோம்.

துப்பறியும் நாவலின் பிறவிக் குணமே இது என்று எண்ணிவிடலாகாது. வில்கி கொலின்சின் 'சந்திரகாந்தக் கல்' 1868இல் வந்தது. அதுவும் நாட்டுப்புற மாளிகை, அதுவும் மரணசாசனம், அதுவும் விருந்து நாள், அதுவும் காணாமற்போன வைரம். ஆனால் கொலின்ஸ் தம் கதையை யோர்க்ஷயர் மாளிகையில் தொடங்கவில்லை. 1799இல் திப்புவின் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஓர் ஆங்கில அதிகாரி கொலை செய்து வைரத்தைக் கவர்ந்ததில் தொடங்குகிறார். முடிக்கும்போது அக்கல் இந்தியாவில் தெய்வத்தின் நெற்றிக்கே திரும்புகிறது. முதற்களவு எது என்பதில் அவருக்கு ஐயமில்லை. எழுபது ஆண்டுகளில் அந்தக் கேள்வி நாவலிலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டது. வைரம் இருக்கிறது, மாளிகை இருக்கிறது, வரலாறு இல்லை.

அதற்கு ஈடாக விதிகள் வந்தன. 1928இல் எஸ். எஸ். வான் டைன் என்பார் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் வகுத்தார். வேலைக்காரனைக் கொலைஞனாகக் காட்டுதல் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அது மிக எளிய விடையாம். குற்றவாளி தகுதியுடைய ஆளாக இருத்தல் வேண்டுமாம். உழைப்பவனுக்குச் சந்தேகிக்கப்படும் மதிப்பைக்கூட மறுத்துவிட்ட இலக்கணம் இது! (தொல்காப்பியத்தில் அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டதை வகுப்பில் விளக்கும்போது எனக்கு இவ்விதி நினைவுக்கு வருவதுண்டு.) கோர்ஸ்டன் மாளிகையின் பணியாள் ஹோர்பரிமீது சிறிது ஐயம் விழுகிறது. அவன் அன்றிரவு படம் பார்க்கப் போயிருந்தான் என்று தெரிந்ததும் நாவல் அவனை மறந்துவிடுகிறது.

இனி, கொலைஞன் யார் என்பதைச் சொல்லாமல் மேலே எழுத இயலாது. சுவை கெடும் என்று அஞ்சுவோர் இப்பந்தியைத் தாண்டிச் செல்க. கொன்றவர் வழக்கை விசாரிக்க வந்த பொலிஸ் அத்தியட்சகர் சக்டன். அவர் சிமியோன் லீ கைவிட்ட ஒரு பெண்ணின் மகன். அம்மையார் தாமறியாமலே மிகப்பெரிய உண்மையின் வாசலில் வந்து நிற்கும் இடம் இது. சொத்துக்குக் காவல் நிற்கும் சட்டம் அந்தச் சொத்தின் வயிற்றிலேயே பிறந்தது; ஆயினும் அதற்குப் பங்கில்லை. இதைக் கண்ட எழுத்தாளர் உள்ளே நுழைந்திருக்கலாம். அவர் கதவைச் சாத்திவிடுகிறார். புவாரோ என்ன செய்கிறார்? கிழவரின் உருவப்படத்தின்மேல் ஒரு பொய்மீசையை வைத்துப் பார்க்கிறார். சக்டனின் முகம் தெரிகிறது. அதே தாடை, அதே வன்மம், வஞ்சம் தீர்க்கக் காத்திருக்கும் அதே பொறுமை. எல்லாம் இரத்தத்தில் வந்ததாம்! பணத்தின் வரலாற்றைக் கேட்க மறுத்த நாவல் இரத்தத்தின் வரலாற்றில் விடை தேட வேண்டியதாயிற்று. சுரண்டலில் பிறந்த கொடுமை ஒரு குடும்பத்தின் முகச்சாயலாகச் சுருங்கிவிடுகிறது. குலத்தைக் கொண்டு குணத்தை அளக்கும் நோய் முற்றிய நம் சமூகத்தில் இந்த விடையை வெறும் விளையாட்டென்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

இது பிறநாட்டாரின் குறை மட்டுமன்று. ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் வடுவூராரின் திகம்பர சாமியாரும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ் வாசகரை உறங்கவிடாமற் செய்தவர்கள். எஸ். பாலசந்தரின் 'நடு இரவில்' 1970இல் திரைக்கு வந்தது. மாளிகை, செல்வர், சொத்தை எண்ணி வந்த உறவினர், ஒருவர்பின் ஒருவராய் மரணம். கிறிஸ்டியின் சட்டகம் நம் கூட்டுக்குடும்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோற் பொருந்திவிட்டது.

யாழ்ப்பாணத்தாருக்கோ பெட்டகமும் வைரமும் வேண்டியதில்லை. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் வடித்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாகப் பிரித்தது. ஒரு கிணற்றுப் பங்குக்காகவும் வேலியோரத்துப் பனைக்காகவும் அண்ணன் தம்பியர் ஒரு தலைமுறைக் காலம் கோட்டுப் படியேறியதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கே கொலை மெதுவாக, பத்திர முத்திரையோடு நடக்கும். நாவலுக்குரிய பொருள்தான். ஆனால் அதை எழுதுவோர் அந்த மூன்று பெயர்களுள் எதிலும் அடங்காதவர்களையும் எழுதவேண்டும். பனையேறியவனுக்கும் தோட்டம் கொத்தியவனுக்கும் அந்த உறுதிகளில் இடம் எது?

என் மாணவனின் குடும்பம் ஐந்து தலைமுறையாய்த் தேயிலையில் உழைத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவன் முன்னோரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை தந்தது. லயத்துக் காம்பராவுக்கு இன்னும் அவர்களிடம் உறுதி இல்லை. துரை பங்களாவின் விளக்குகளைத் தூரத்திலிருந்து பார்த்து வளர்ந்தவன், கோர்ஸ்டன் மாளிகைக்குள் நுழைந்ததும் வைரத்தின் மூலத்தைக் கேட்டதில் வியப்பில்லை. அவனுடைய இடத்திலிருந்து பார்த்தால் அதுதான் முதற்கேள்வி.

அவனுக்கு நான் வேறொரு கொலையைச் சொன்னேன். அந்த நாவல் வெளிவந்து ஓராண்டு சென்ற பின், 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணைக்கு ஆணைக்குழு அமைந்தது, கொல்வின் ஆர். டி சில்வா அதன்முன் வாதாடினார். அங்கே பூட்டிய அறை இல்லை, பொய்மீசை இல்லை. சுட்டது எந்தத் துப்பாக்கி என்பதில் எவருக்கும் மயக்கமில்லை. பொலிசார் யாருடைய உடைமையைக் காக்கத் தோட்டத்துக்குள் வந்தனர் என்பதே கேட்க வேண்டியிருந்த கேள்வி.

"ஆத்தா இந்தப் பேரச் சொல்லியிருக்கு, சேர்" என்றான் அவன். புத்தகம் இன்னும் என் கைக்குத் திரும்பவில்லை. வகுப்பில் நாலாவது ஆளிடம் இருப்பதாகக் கேள்வி.