கோடரி பிடித்த குழந்தை

1970ஆம் ஆண்டு ஜப்பானில் அரிசி மிஞ்சிக் கிடந்தது. கிடங்குகள் நிரம்பி வழிந்ததால், நெல் பயிரிடும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் உழவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஒசாகாவில் மனிதகுலத்தின் முன்னேற்றத்தைக் கொண்டாடும் உலகக் கண்காட்சி. ஆறு கோடிப் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். அதே கோடையில், பள்ளிப் பையன்கள் காசு சேர்த்து வாங்கும் ‘ஷோனென் மேகஸின்’ வார இதழில், பசி தாங்காமல் பெற்ற பிள்ளையையே தின்னத் துணியும் ஒரு தாயின் கதை தொடங்கியது. தொடரின் பெயர் ‘அஷுரா’. எழுதி வரைந்தவர் ஜார்ஜ் அகியாமா. அப்போது அவருக்கு வயது 27.

பஞ்சத்தில் சுடுகாடாகிப்போன இடைக்கால ஜப்பான்தான் களம். சித்தம் கலங்கிய ஒரு கர்ப்பிணி பிணங்களுக்கு நடுவே அலைகிறாள். மனித இறைச்சி தின்றுதான் வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றுகிறாள். பெற்றெடுத்ததும் கொஞ்சுகிறாள், பால் கொடுக்கிறாள். தின்ன எதுவும் அகப்படாமல் போன நாளில் அவள் பார்வை குழந்தையின் மேல் திரும்புகிறது. தீயில் போடுகிறாள். குழந்தை எப்படியோ தப்பிவிடுகிறது. மனிதர் துணையின்றி மிருகம்போல் வளர்ந்து, கோடரியால் ஆட்களை வெட்டித் தின்கிற சிறுவனாகிறது. இந்தச் சிறுவன்தான் கதாநாயகன்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. கனகாவா மாகாணம் அந்த இதழைச் சிறுவர்களுக்குத் தீங்கானது என்று அறிவித்து, அவர்களுக்கு விற்கக் கூடாது என்று தடுத்தது. தடைபோட்டவர்களைக் கலை தெரியாதவர்கள் என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவது விமர்சகர்களின் பழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. வாரந்தோறும் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற இதழ் அது. குத்துச்சண்டைத் தொடரைப் படிக்க வாங்கிய பத்து வயதுப் பையன் அடுத்த பக்கத்தில் இந்தத் தாயைப் பார்க்கிறான். யாரும் அவனைத் தயார்ப்படுத்தியிருக்கவில்லை. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் தடை முதல் அத்தியாயத்தின் இறைச்சியைப் பார்த்து வந்தது. தொடரில் வழக்காட வேண்டிய இடம் அதற்கு வெகு தூரம் பின்னால் இருக்கிறது.

கொலைகாரக் குழந்தையைக் கதையின் நடுவில் நிறுத்துவது ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவில் இன்று ஒரு தனி வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. பெரியவன் கொலை செய்தால் பேராசை, பழி, காமம் என்று காரணம் தேடிக் கோப்பை மூடிவிடலாம். குழந்தையிடம் அந்தக் காரணங்கள் செல்லாது. ஆகவே கேள்வி அதை அப்படி வளர்த்தவர்கள் பக்கம் திரும்பியாக வேண்டும். இந்த உத்தியின் வலிமை இதுதான். திரும்ப வேண்டிய கேள்வியைப் பல கதைகள் பாதி வழியில் விட்டுவிடுகின்றன. குழந்தை பிறவிப் பேயாகிவிடும், இல்லையென்றால் நம் கண்ணீருக்கான பொம்மையாகிவிடும். ‘அஷுரா’வின் முற்பகுதி இரண்டுக்கும் இடங்கொடுக்கவில்லை. அங்கே கொல்வதும் தின்பதும் ஒரே செயல். அவனுக்கு எதிரி கிடையாது, திட்டம் கிடையாது. எதிரே வருபவன் இரை, அவ்வளவுதான். அவனை வெறுக்கவும் முடியவில்லை, அணைத்துக்கொள்ளவும் முடியவில்லை. வாசகனை அந்த இடைவெளியிலேயே பல அத்தியாயங்கள் உட்காரவைப்பது சாதாரண வேலையில்லை.

இதெல்லாம் அகியாமா பரபரப்புக்காகக் கிளப்பியது என்று சொன்னால் வரலாறு ஒத்துக்கொள்ளாது. 1181ஐ ஒட்டிக் கியோத்தோவைச் சூறையாடிய பஞ்சத்தைக் கமோ நோ சோமெய் என்ற துறவி 1212இல் எழுதிய ‘ஹோஜோகி’யில் பதிவு செய்திருக்கிறார். தலைநகரம் நாட்டுப்புறத்துத் தானியத்தையே நம்பியிருந்தது. வரத்து நின்றதும் பொன்னைக் கொடுத்தாலும் தானியம் பெயரவில்லை. பழைய கோயில்களின் சிலைகளையும் தளவாடங்களையும் உடைத்து விறகாக விற்றார்கள். ஒரு பிட்சு இறந்தவர்களின் நெற்றியில் ஓர் எழுத்தை எழுதிக்கொண்டே போனார். இரண்டே மாதத்தில், நகரின் ஒரு பாதியில் மட்டும், 42,300 பிணங்கள். தாய் இறந்தது தெரியாமல் அவள் மார்பில் வாய் வைத்துக் கிடந்த குழந்தையையும் சோமெய் குறித்திருக்கிறார். அந்தக் குழந்தை இரக்கத்தை எளிதாக வாங்கிவிடும். அகியாமா அந்தக் காட்சியைத் தலைகீழாக்கினார்: தாய் உயிரோடு இருக்கிறாள், பசியோடும் இருக்கிறாள்.

இதைவிட நெருக்கமான உறவு ஒன்று பௌத்தக் கதைகளில் இருக்கிறது. பசியால் தன் குட்டிகளையே தின்னப் போகும் புலியைக் கண்ட இளவரசன், தன் உடலை அதற்கு இரையாக்கும் ஜாதகக் கதை. நாராவை அடுத்த ஹோர்யூஜி விகாரையில் உள்ள 7ஆம் நூற்றாண்டுத் தமாமுஷிப் பேழையின் பக்கப் பலகையில் அதைத் தீட்டியிருக்கிறார்கள்: மேலே மலை முகட்டில் இளவரசன் மேலாடையைக் கழற்றுகிறான், நடுவில் தலைகுப்புற விழுகிறான், கீழே மூங்கில்களுக்கு இடையில் புலி தின்கிறது. ஒரே சித்திரத்தில் மூன்று கணங்கள். ஒருவகையில் அதுவும் சித்திரக்கதைதான். ‘அஷுரா’வின் முதல் அத்தியாயத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பசித்த தாய் இருக்கிறாள், குட்டி இருக்கிறது, இளவரசன் மட்டும் வரவில்லை. தியாகி வராத உலகத்தில் குட்டி என்னவாகும் என்பதைத்தான் அகியாமா தொடர்ந்து வரைகிறார். பௌத்த ஆறுதலைப் பௌத்தப் படிமத்தாலேயே சோதிக்கும் துணிச்சல் இது. தொடரின் உச்சம் இங்கேதான் என்பது என் கணிப்பு.

வரைகோட்டையும் பேச வேண்டும். அகியாமா நகைச்சுவை மங்காவிலிருந்து வந்தவர். ‘பாட்மேன் எக்ஸ்’ என்ற சிரிப்புத் தொடருக்காக 1968இல் கோதான்ஷாவின் சிறுவர் மங்கா விருது பெற்றவர். அந்தக் கை ‘அஷுரா’விலும் மாறவில்லை. சிறுவனுக்கு உருண்ட தலை, பரட்டை முடி, முகத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் வட்டக் கண்கள். சிரிப்புக் கதையில் இந்தக் கண் வியப்பைக் காட்டும். இங்கே இரையைப் பார்க்கிறது. நுணுக்கமான யதார்த்தக் கோட்டில் வரைந்திருந்தால் அருவருப்போடு பக்கத்தைப் புரட்டிப் போயிருப்போம். உருண்டைக் கோடு, பழகிய பிள்ளை முகத்தை நம்மிடம் கொடுத்துவிட்டு, பிறகு அதன் வாயைத் திறந்து காட்டுகிறது. 12ஆம் நூற்றாண்டின் ‘பசிப்பேய்ச் சுருள்’ ஓவியங்களில் ஊதிய வயிறும் குச்சிக் கால்களுமாகப் பேய்கள் மனிதர்களுக்கிடையே திரியும். அவற்றிலும் பாதி கேலி, பாதி திகில். அகியாமாவின் பஞ்ச மக்கள் அந்தப் பேய்களின் பங்காளிகள்.

சறுக்கல் தொடங்குவது அஷுரா மனிதர்களோடு பழகத் தொடங்கிய பிறகு. வகாசா என்ற பெண் அவனுக்குச் சோறும் பரிவும் தருகிறாள். ஊர் சுற்றும் துறவி ஒருவர் அவனுக்குள் மனிதனைத் தேடுகிறார். பேச்சு வருகிறது, அதோடு வெட்கம், பொறாமை, குற்றவுணர்வு எல்லாம் வருகின்றன. பிறக்காமலே இருந்திருக்கலாமே என்று அந்தச் சிறுவன் கதறும் இடம் இந்தத் தொடரின் புகழ்பெற்ற பகுதி. ஆழமான பகுதி என்பதை மறுக்கவில்லை. கொன்றதற்காக வருந்துவதற்கும் முன்னால், இருப்பதற்காகவே வருந்துகிற குழந்தையை அன்றைய சிறுவர் இதழ்களில் வேறு யார் வரையத் துணிந்தார்கள்?

ஆனால் அந்தக் கதறலில் ஒன்று நழுவிவிடுகிறது. பசிக்குக் காரணம் உண்டு: வறட்சி, வெள்ளம், போர், எல்லாவற்றுக்கும் மேலாக நெல்லை வாரிக்கொண்டு போகும் நிலத்தலைவன். பிறப்புக்கு அப்படிக் காரணம் காட்ட முடியாது. சிறுவனின் முறையீடு சோற்றிலிருந்து பிறப்புக்கு மாறிய கணத்தில், குற்றவாளிக் கூண்டிலிருந்த நிலத்தலைவன் சந்தடியில்லாமல் இறங்கிப்போய்விடுகிறான். கதையில் அவன் கொடியவன்தான், சந்தேகமில்லை. இருந்தும் அவன் கிடங்கை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தன்னைத் திருத்திக்கொள்ளச் சொல்லி மன்றாடப்படுகிறவன் எட்டு வயதுப் பையன் மட்டும்தான். மிருகத்தை வெல்லும் கடமை ஏன் பசித்தவன் தலையில் மட்டும் விழ வேண்டும்?

துறவி தன் கையை வெட்டி, பசித்தால் இதைத் தின் என்று சிறுவனிடம் நீட்டும் காட்சியும் இந்தச் சிக்கலுக்குள் வருகிறது. முதல் அத்தியாயத்தில் வராத இளவரசன் காலந்தாழ்ந்து வந்திருக்கிறான். அகியாமா அதை மூர்க்கமாகத்தான் வரைகிறார், பக்திப் படமாக்கவில்லை. இருந்தாலும் அந்தக் கை சோறாக வரவில்லை, பாடமாக வருகிறது. மணிமேகலையும் பௌத்த நூல்தான்; அங்கே அமுதசுரபி முதலில் வரும், அறநெறி பிறகுதான். வயிறு நிறையாதவனுக்கு உபதேசம் எதற்கு என்ற தெளிவு அந்தத் தமிழ்க் காப்பியத்துக்கு இருந்தது. ‘அஷுரா’வின் துறவிக்கு அது இல்லை, அவரிடம் சோறும் இல்லை என்பதை அவர் சார்பில் சொல்லிவிடலாம்.

வகாசாவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் சிறுவனுக்கு இழந்த தாய், முதல் காதல், கடைசிச் சோதனை. அவளுக்கென்று அவள் யார் என்று கேட்டால் பதிலில்லை. வெட்டுண்டவர்களுக்கும் அதே கதி. அவர்களில் பலருக்குப் பெயர்கூடக் கிடையாது. கொலைகாரக் குழந்தையை நாயகனாக்கும் கதைகளுக்குப் பொதுவாகவே இருக்கும் கோளாறு இது: குழந்தையின் வலிக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியபின், செத்தவன் வீட்டுக்குப் போக ஒரு கட்டமும் மிஞ்சுவதில்லை.

அதே 1970இல் அகியாமா ‘ஷோனென் சண்டே’ இதழில் தொடங்கிய ‘ஸெனி கேபா’வில் இந்தக் கோளாறு குறைவு. மருந்துக்குக் காசில்லாமல் தாயை இழந்த சிறுவன், தன்னிடம் அன்பாக இருந்த ஒருவனையே பணத்துக்காகக் கொல்கிறான். செத்தவனை நாம் அறிவோம், அதனால் அந்தச் சாவு உறுத்துகிறது. பணம் என்ற காரணமும் கடைசிவரை கண்ணிலிருந்து மறைவதில்லை. ஆழத்தில் ‘அஷுரா’ பெரிது. குற்றச்சாட்டின் நேர்மையில் ‘ஸெனி கேபா’ ஒரு படி மேலே.

பின்னால் வந்தவர்கள் இந்தச் சரக்கை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் அகியாமாவின் மதிப்பு இன்னும் கூடுகிறது. நவோகி உராசாவாவின் ‘மான்ஸ்டர்’ (1994–2001) ஜெர்மனியில் தொடங்குகிறது. தலையில் குண்டு பாய்ந்த சிறுவனை ஜப்பானிய மருத்துவர் டென்மா காப்பாற்றுகிறார், அவருக்கு எதிரான மேலதிகாரிகள் நஞ்சு கலந்த மிட்டாய் தின்று சாகிறார்கள், சிறுவன் மறைந்துபோகிறான். கிழக்கு பெர்லின் அநாதை இல்லம், அங்கு நடந்த சோதனைகள் என்று காரணங்களை உராசாவா 18 தொகுதிகளுக்கு அடுக்குகிறார். கட்டுமானம் பிரமாதம். ஆனால் அந்தச் சிறுவன் யோஹான் அழகன், பொன்முடி, மிருதுவாகப் பேசுபவன். அவனுடைய தீமையில் ஒரு வசீகரத்தை நூலாசிரியரே பூசிவிடுகிறார். யூ ஐதாவின் ‘கன்ஸ்லிங்கர் கேர்ள்’ (2002–2012) இன்னும் வழுக்கலான தரை. இத்தாலியில் நலத்துறைப் போர்வையில் இயங்கும் ஓர் அமைப்பு, சிதைந்துபோன சிறுமிகளுக்குச் செயற்கை உடலும் மருந்தால் ஊட்டிய விசுவாசமும் கொடுத்துக் கொலைக்கு அனுப்புகிறது. வயலின் பெட்டிக்குள் துப்பாக்கி. இது கொடுமை என்று நூலுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பிள்ளைகளைக் கண்காட்சிப் பொருளாக, ரசிக்கத் தக்க துயரமாக வரைந்துகொண்டே போகிறது. அகியாமாவின் அஷுராவை யாரும் சுவரொட்டியாக்கி அறையில் மாட்ட மாட்டார்கள். அவனுடைய அசிங்கம் அவனுக்குக் காவல்.

2012இல் தோயெய் நிறுவனம் ‘அஷுரா’வை அனிமேஷன் திரைப்படமாக்கியது. இயக்கியவர் கெய்ச்சி சாத்தோ, ஓட்டம் 75 நிமிடம். அஷுராவுக்குக் குரல் கொடுத்தவர் மசாகோ நோஸாவா. ‘டிராகன் பால்’ சோன் கோக்குவின் குரல் என்றால் அனிமே பார்ப்பவர்களுக்குத் தெரியும். எழுபதைத் தாண்டிய பெண்மணியின் தொண்டையிலிருந்து சொற்களற்ற உறுமலும், பிறகு தடுமாறி வரும் முதல் சொற்களும் எழும்போது, அச்சுப் பக்கத்தால் தர முடியாத ஒன்று கிடைக்கிறது. நீர்வண்ணம் போன்ற பின்னணிகளும் கண்ணைக் கவர்கின்றன, கொஞ்சம் அதிகமாகவே. பஞ்சம் இத்தனை அழகாக இருக்க வேண்டியதில்லை.

படத்தின் சிறந்த காட்சி, பட்டினியில் துவண்ட வகாசாவுக்கு அஷுரா குதிரை இறைச்சி கொண்டுவரும் இடம். மனித இறைச்சி என்று நினைத்து அவள் மறுக்கிறாள். அவன் சொல்வது உண்மை. நம்ப வைக்க அவனிடம் எந்தச் சான்றும் இல்லை. கொலை செய்த குழந்தையைப் பற்றி ஒரு கதை சொல்லக்கூடிய மிகக் கடினமான விஷயம் இதுவாகத்தான் இருக்கும்: திருந்திய பிறகும் அவன் கையிலிருந்து யாரும் சாப்பிட மாட்டார்கள். சாத்தோ அங்கேயே நின்றிருக்கலாம். படமோ ஊரார் துரத்தல், எரியும் பாலம் என்று ஓடி, வளர்ந்து துறவியாகிவிட்ட அஷுராவைக் காட்டி ஆறுதல் சொல்லித்தான் நம்மை அனுப்புகிறது. அவனை வேட்டையாடச் சொல்லித் தீப்பந்தம் கொடுத்து அனுப்பிய நிலத்தலைவனிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.