‘யஹூதி’ பார்க்கிறீர்களா? காதலர்களை விடுங்கள், அப்பாவைப் பாருங்கள்

பிமல் ராய் 1958இல் எடுத்த ‘யஹூதி’யைப் பார்க்க, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. படத்தின் உருது கனமானது. அடியில் ஓடும் ஆங்கில எழுத்து பாதியைத்தான் சொல்லும். ஆனால் இங்கே கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டிலோ, வாடகை அறையில் அடுத்த பாயிலோ பீகார்காரர் ஒருவரோ உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவரோ கட்டாயம் இருப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைவிடக் குரலை நம்பி எடுத்த படம் இது. அர்த்தம் தெரியாமல் பார்த்தால் திலீப் குமாரின் ரோமானியக் குட்டை உடுப்பைப் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றும். செட்டுகளும் அப்படித்தான், தட்டினால் அட்டைச் சத்தம் வரும். அதை மன்னித்துவிட்டு உள்ளே போகலாம்.

கதை பழைய ரோமில் நடக்கிறது. எஸ்ரா என்ற யூத நகை வியாபாரியின் சின்ன மகனை, புரூட்டஸ் என்ற ரோம அதிகாரி சிங்கத்துக்கு இரையாகப் போடுகிறான். எஸ்ராவின் வேலைக்காரன் ஆத்திரத்தில் புரூட்டஸின் பெண் குழந்தையைத் தூக்கி வந்துவிடுகிறான். பழிவாங்கக் கிடைத்த குழந்தையை எஸ்ரா மகளாக வளர்க்கிறார். யூதப் பெண்ணாக வளரும் அந்த ஹன்னாவைத்தான் ரோம இளவரசன் மார்க்கஸ் காதலிக்கிறான், தானும் யூதன் என்று பொய் சொல்லி.

பெரும்பாலானவர்கள் இதைத் திலீப் குமார், மீனா குமாரி படமாகப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். எஸ்ராவாக நடிக்கும் சோராப் மோடியைப் பாருங்கள். சரியாகச் சொன்னால் கேளுங்கள். பார்சி நாடக மேடையிலிருந்து வந்தவர், ‘சிக்கந்தர்’ எடுத்தவர். அவருடைய வேறொரு படத்துக்கு வந்த பார்வையற்ற ரசிகர் ஒருவர், “உங்கள் குரலைக் கேட்கத்தான் வந்தேன்” என்றாராம். இந்தி சினிமாக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை அது. ‘பராசக்தி’, ‘மனோகரா’ வசனங்களை மனப்பாடமாகச் சொன்ன தமிழ் வீடுகளுக்கு இந்தச் சுவை புதிதல்ல. வாக்கியத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே போய், கடைசிச் சொல்லில் அடிப்பார். மோடி பேசும்போது நண்பரை உடனே மொழிபெயர்க்க விடாதீர்கள். முதலில் காதால் கேளுங்கள், பிறகு நிறுத்தி அர்த்தம் கேளுங்கள்.

நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம், மார்க்கஸ் ரோமன் என்று எஸ்ராவுக்குத் தெரியவரும் கட்டம். மகனை ரோமர்களிடம் பறிகொடுத்தவர் வெடிக்கிறார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்து இறங்கி வருகிறார். எங்கள் மதத்துக்கு வா, பெண்ணைத் தருகிறேன் என்கிறார். அதுவரை காதலுக்காக எதையும் செய்வேன் என்று நின்றவன் அங்கே பின்வாங்குகிறான். கவனியுங்கள்: தடையாக நின்ற அப்பா ஒரு படி இறங்கிவிட்டார், காதலன் இறங்கவில்லை. நம் காதல் படங்களில் எதிர்க்கும் பெரியவர்கள் அரிவாளோடு வருவார்கள், இல்லையென்றால் கடைசி ரீலில் அழுவார்கள். எஸ்ரா இரண்டுமில்லை. அவருடைய எதிர்ப்புக்கு ஒரு பிணம் காரணமாக இருக்கிறது. அவர் பிடிவாதக்காரர்தான், ஆனால் அநியாயக்காரர் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் படம் உங்களுடையது.

இந்தக் கதை நெடுந்தூரம் நடந்து வந்தது. 1835இல் பாரீஸில் மேடையேறிய ‘லா ஜூயிவ்’ என்ற இசை நாடகம்தான் மூலம். இசையமைத்த ஆலெவி ஒரு யூதர். அது லண்டன் மேடை வழியாக இந்தியா வந்து, உருது நாடக உலகின் பெரிய பெயரான ஆகா ஹஷ்ர் காஷ்மீரியின் கையில் ‘யஹூதி கி லட்கி’ ஆனது. 1933இல் சைகல் நடித்துப் படமாகவும் வந்தது. பாரீஸ் மேடையில் அந்தப் பெண் கொதிக்கும் கொப்பரையில் விழுந்து சாகிறாள். நம் ஊருக்கு வந்ததும் முடிவு மாறிவிட்டது. எப்படி என்று சொல்ல மாட்டேன்.

இனி நடித்தவர்களைப் பாருங்கள். யூதத் தந்தை ஒரு பார்சி. யூத மகள் மீனா குமாரியும் ரோம இளவரசன் திலீப் குமாரும் முஸ்லிம்கள். யூதர்களைப் பற்றிய படத்தின் முதன்மை வேடங்களில் ஒரு யூதர்கூட இல்லை. இத்தனைக்கும் பம்பாய் சினிமாவில் அப்போது யூதர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மௌனப் பட ராணி சுலோசனா ரூபி மையர்ஸ் என்ற யூதப் பெண். பிரமிளா என்பவர் கல்கத்தாவின் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்த எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம், 1947இல் முதல் மிஸ் இந்தியா. ‘ஸ்ரீ 420’இல் மாயாவாக வரும் நதீராவின் பிறப்புப் பெயர் ஃப்ளோரன்ஸ் எசக்கியேல்.

திரையில் ரோமனுக்கும் யூதப் பெண்ணுக்கும் நடக்கும் வழக்கு, திரைக்கு வெளியே முஸ்லிமுக்கும் யூதப் பெண்ணுக்கும் நிஜமாகவே நடந்தது. பிரமிளா கல்யாணம் செய்துகொண்டது குமார் என்ற நடிகரை, சொந்தப் பெயர் சையத் ஹசன் அலி ஜைதி. ‘மொகலே ஆஸம்’ படத்தில் சிற்பியாக வருவாரே, அவர்தான். நதீரா, ‘மஹல்’ படத்துக்குப் பாட்டெழுதிய நக்‌ஷப் ஜார்ச்சவியை மணந்தார். அந்த மணம் நிலைக்கவில்லை. முஸ்லிம் ஆண், வேதம் அருளப்பட்டவர்களான யூதர்களில் ஒரு பெண்ணை அவள் மதம் மாறாமலே நிக்காஹ் செய்யலாம் என்பது இஸ்லாமியச் சட்டம். யூதச் சட்டம் அந்த மணத்தை ஏற்காது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் இதுதான். நாட்டின் சட்டமும் அன்று உதவவில்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படி ஒரு ஜோடி பதிவுத் திருமணம் செய்ய வேண்டுமென்றால், தாங்கள் அந்தந்த மதத்தவர் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 1954இல் வந்த சிறப்புத் திருமணச் சட்டம் அந்த நிபந்தனையை எடுத்தது. எஸ்ராவின் “மாறி வா” என்ற வசனத்தைக் கேட்ட ரசிகர்களுக்கு அந்தச் சட்டம் நாலு வயதுப் பிள்ளை.

இன்றும் அந்தச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு இருக்கிறது, பதிவு அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி. இங்கே வல்லம் வடகால் சிப்காட்டில், தொழிற்சாலையில் வேலை செய்யும் 18,720 பெண்கள் தங்க விடுதி கட்டியிருக்கிறார்கள். ஒரே லைனில் நின்று, ஒரே கேன்டீனில் சாப்பிட்டு, மதம் பார்க்காமல் மனம் போனவர்களுக்கு அந்த 30 நாள் எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மார்க்கஸ் வேஷம் போட்டதன் அர்த்தம் அவர்களுக்குப் புரியும்.

குமாரும் நக்‌ஷபும் பின்னாளில் பாகிஸ்தான் போனார்கள். பிரமிளாவும் நதீராவும் போகவில்லை. இருவரும் மும்பையிலேயே 2006இல் காலமானார்கள். பிரமிளா, குமார் தம்பதியின் மகன் ஹைதர் அலிதான் 2008இல் வந்த ‘ஜோதா அக்பர்’ கதையை எழுதியவர். மதம் கடந்த காதலை எழுத அந்த வீட்டுப் பிள்ளைக்கு இருந்த தகுதி வேறு யாருக்கு இருக்கும்?

‘யஹூதி’ முடிந்ததும் மணிரத்னத்தின் ‘பம்பாய்’ படத்தை இன்னொரு முறை பாருங்கள், இந்த முறையும் அப்பாக்களுக்காக. இந்துத் தந்தையாக வரும் நாசர் முஸ்லிம், ஒரகடத்துக்குப் பக்கத்துச் செங்கல்பட்டுக்காரர். முஸ்லிம் தந்தையாக வரும் கிட்டி இந்து. ஆளை மாற்றிப்போட்டதால் இருவருமே சாமியாடாமல் அளவாக நடித்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்காக இருவரும் போட்டி போடும் காட்சிகளில், மணிரத்னத்தின் காதலர்களைவிட எனக்கு இந்தக் கிழவர்களைத்தான் பிடிக்கும்.

மூன்றாவதாக ‘ஜூலி’, 1975. சேதுமாதவன் தன் மலையாள ‘சட்டக்காரி’யை இந்தியில் திரும்ப எடுத்தது. ஆங்கிலோ இந்தியப் பெண்ணாக நம்ம லட்சுமி, இந்துப் பையனோடு காதல். லட்சுமியின் அம்மாவாக நதீரா. யூத வீட்டில் பிறந்து முஸ்லிமை மணந்து பிரிந்தவர், மகளின் வேற்று மதக் காதலுக்கு முன்னால் திகைத்து நிற்கும் தாயாக வருகிறார். விவரம் தெரிந்து பார்த்தால் அந்த முகம் வேறாகத் தெரியும். லட்சுமிக்குச் சிறந்த நடிகை, நதீராவுக்குச் சிறந்த துணை நடிகை என்று ஃபிலிம்பேர் இரண்டு விருது கொடுத்தது. இரண்டும் சரியான விருதுகள். ஊருக்குப் போகும்போது இந்தப் படத்தை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க முடிந்தால் பாருங்கள். முடியாதவர்கள் ஹெட்செட் போட்டுக்கொள்ளுங்கள்.