க்ளிக் சத்தம் போதுமா? வீட்டில் செய்யும் பிளாஸ்டிக் துப்பாக்கி உறைகள்

முதல்லயே சொல்லிடறேன். என்னிடம் துப்பாக்கி கிடையாது, லைசென்ஸும் கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. தோட்டத்துக் கத்திக்கு ஒரு உறை செய்யலாம் என்று தேட ஆரம்பித்தவன், கைத்துப்பாக்கி உறையையும் மேகசின் உறையையும் வீட்டிலேயே செய்வது எப்படி என்று விளக்கும் வீடியோக்களில் போய் விழுந்தேன். பெரும்பாலும் அமெரிக்கர்கள் எடுத்தவை. ஐம்பதுக்கு மேல் பார்த்திருப்பேன். ஒரு கட்டத்தில் கத்தி மறந்துபோய், இந்த வீடியோக்களே ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டன. சினிமா விமர்சனம் மாதிரி இதற்கும் ஒரு விமர்சனம் எழுதலாம் என்று தோன்றியது.

கதை எல்லாவற்றிலும் ஒன்றுதான். கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் சூடாக்குகிறார்கள். அப்பளம் மாதிரி தொளதொளவென்று ஆனதும் துப்பாக்கியின் மேல் போர்த்துகிறார்கள். மேலும் கீழும் கெட்டியான ஃபோம் வைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு இறுக்குகிறார்கள். பத்து நிமிடத்தில் தகடு ஆறி, துப்பாக்கியின் உருவத்திலேயே நிற்கிறது. அதிகப்படியை அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரிவெட் அடிக்கிறார்கள். கடைசியில் துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது 'க்ளிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு மைக்கைக் கிட்டே கொண்டுபோவார்கள். தலைகீழாகப் பிடித்து உலுக்குவார்கள், விழாது. சுபம்.

என் புகார் அந்த க்ளிக் மேல்தான்.

அதற்கு முன் பொருளைப் பற்றிக் கொஞ்சம். கைடெக்ஸ் என்பது பி.வி.சி.யும் அக்ரிலிக்கும் கலந்த ஒரு தெர்மோபிளாஸ்டிக். 1960களின் நடுவில் ரோம் அண்ட் ஹாஸ் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனம் விமானத்தின் உட்புறப் பாகங்களுக்காக உருவாக்கியது. தீ எளிதில் பிடிக்காது, கீறல் அதிகம் விழாது, தண்ணீரைக் குடிக்காது. உறைக்கு 1.5 முதல் 2.4 மி.மீ. வரை தடிமன் உள்ள தகடுகளைப் பயன்படுத்துகிறார்கள். 160 டிகிரியைத் தாண்டினால் வளையும், 200ஐத் தாண்டவிட்டால் கெடும். அதிகமாகச் சுட்டால் பி.வி.சி. இருக்கும் எந்தப் பொருளும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். வீடியோக்களில் பாதிப்பேர் இதற்குச் சமையலறை ஓ.டி.ஜி. அடுப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். காலையில் பிள்ளைக்குக் கேக், மாலையில் துப்பாக்கி உறை. தனி அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்?

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. 'உறை' என்றால் கத்தியைச் சொருகும் கூடு, 'உறைதல்' என்றால் இளகியது கெட்டியாவது. பாலுக்கு ஊற்றுவதும் உறைதான். இந்தத் தகடு சூட்டில் இளகி, துப்பாக்கி மேல் உறைந்து, உறையாகிறது. இவ்வளவு பொருத்தமான சொல் இங்கிலீஷில் இல்லை.

இப்போது க்ளிக். துப்பாக்கியின் விசையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும் இல்லையா, அந்த இடத்தில் பிளாஸ்டிக் கொஞ்சம் பள்ளமாக அழுந்தியிருக்கும். துப்பாக்கி உள்ளே போகும்போது பிளாஸ்டிக் ஒரு நொடி விரிந்து, வளையத்தைத் தாண்டியதும் பழைய இடத்துக்குத் திரும்பும். அதுதான் சத்தம். ஆக க்ளிக் நிரூபிப்பது ஒன்றே ஒன்று: இன்றைக்கு, இந்த அறையின் வெப்பத்தில், இந்தத் துப்பாக்கியை இது பிடிக்கிறது. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இதை நாங்கள் 'டெமோவில் ஓடுது' என்போம்.

உறையின் முதல் வேலை பிடித்துக்கொள்வது அல்ல. விசையை வேறு எதுவும் தொடாமல் காப்பதுதான். இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் தனியாகத் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு இல்லை. விசையை இழுத்தால் சுடும், அவ்வளவுதான். இழுப்பது விரலா, சட்டை நுனியா, பேன்ட் நாடாவா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் பயிற்சியாளர்கள் உருவுவதை விட, திரும்பச் சொருகுவதை நிதானமாகச் செய்யச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் உறையின் உண்மையான பெருமையும் இங்கேதான் இருக்கிறது. பழைய தோல் உறையின் வாய் தளர்ந்து உள்பக்கம் மடிந்தால், அந்த மடிப்பே விரல் போல விசையில் பட முடியும். கைடெக்ஸ் வாய் விறைப்பாகத் திறந்தே நிற்கும். இந்த நல்ல வாதத்தை விட்டுவிட்டு, தலைகீழாக உலுக்கிக் காட்டுகிறார்கள்.

வீட்டில் செய்யும்போது இதே இடத்தில்தான் வில்லங்கமும். அழுத்தம் அதிகமானால் பிளாஸ்டிக் வளையத்துக்கு உள்ளேயே புகுந்து விசையை ஒட்டி நிற்கும். க்ளிக் இன்னும் கணீரென்று கேட்கும்! சத்தம் நன்றாக இருக்க இருக்க ஆபத்து கூடுகிற ஒரு சோதனையைச் சோதனை என்று எப்படிச் சொல்வது? வளையத்தின் உள்ளே கட்டையோ களிமண்ணோ வைத்து அடைக்க வேண்டும், முன்குறி மாட்டாமல் உருவ ஒரு குச்சியை ஒட்டி வழி விட வேண்டும். நல்ல வீடியோக்கள் இதைச் செய்கின்றன. ஆனால் ஏன் என்று நின்று சொல்பவர்கள் சிலர்தான். ஓரத்தைப் பளபளப்பாக்குவதற்கு ஆறு நிமிடம், விசைக்கு இருபது விநாடி. விகிதம் தப்பு.

நம்ம ஊர் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட வகை. சாதாரண லைசென்ஸ்தாரர் இடுப்பில் இருப்பது பெரும்பாலும் .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் செய்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாடலுக்கும் சுடாத பொம்மை அச்சு விற்கிறார்கள், அதன் மேல்தான் தகட்டைப் போர்த்துகிறார்கள். கான்பூர் ரிவால்வருக்கு அந்தக் கடைகளில் அச்சு தேடினால் கிடைக்காது. அப்படியானால் நிஜத் துப்பாக்கியின் மேலேயே சூட்டுத் தகட்டைப் போட வேண்டும். சில வீடியோக்கள் அதையும் சர்வசாதாரணமாகச் செய்கின்றன. தோட்டாவை எடுத்தாச்சா என்று இரண்டு முறை பார்ப்பது, தோட்டாக்களை அந்த அறையிலேயே வைக்காமல் இருப்பது, இதெல்லாம் முதல் படியாக இருக்க வேண்டியவை, போகிற போக்கில் சொல்பவை அல்ல. (தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த மாதங்களில் உறை மட்டும் வீட்டில் தொங்கும்.)

கற்றுக்கொள்பவர் மேகசின் உறையில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. மேகசின் ஒரு செவ்வகப் பெட்டி, அதில் விசை கிடையாது. பிசகினால் அதிகபட்சம் அது நழுவிக் கீழே விழும். சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, ஓரம் எவ்வளவு என்பதையெல்லாம் அதில் கற்றுக்கொண்டுவிட்டுத் துப்பாக்கிக்கு வரலாம். ஆனால் வீடியோவில் முதலில் வருவது எப்போதும் துப்பாக்கி உறை. பார்ப்பவர்கள் அதைத்தானே தேடி வருகிறார்கள்!

மேகசின் உறைக்குப் பாட்டன் எங்கள் ஊருக்கே வந்திருக்கிறான். கருங்குழி என்றதும் வள்ளலாரை நினைப்பவர்களுக்கு: அது வடலூர் பக்கத்துக் கருங்குழி. இது மதுராந்தகம் பக்கம். இங்கே ஒரு கோட்டை இருந்தது. ஹைதர் அலி படையிடம் இருந்த அதை 1781 ஜனவரியில் அயர் கூட் அனுப்பிய படை பிடித்தது. அந்தக் காலச் சிப்பாயின் இடுப்பில் தோட்டாப் பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே வரிசையாகத் துளை போட்ட மரக்கட்டை, துளைக்கு ஒரு காகிதத் தோட்டா, மேலே மழை படாமல் மூட அகலமான தோல் மடல். கை பார்க்காமலே போய் எடுக்க வேண்டும், ஓடும்போது கொட்டக்கூடாது, நனையக்கூடாது. இன்றைய மேகசின் உறையின் தேவைகளும் ஏறக்குறைய இவைதான். அன்று மடல் செய்த வேலையை இன்று பிளாஸ்டிக்கின் இறுக்கம் செய்கிறது.

தோலை இந்த வீடியோக்காரர்கள் கிழவன் மாதிரி நடத்துவதும் எனக்கு ஒப்பவில்லை. தோலையும் அச்சில் அழுத்தலாம். தண்ணீரில் ஊறவைத்து, பொருளின் மேல் வைத்து அழுத்திக் காயவிட்டால் அந்த உருவம் நிற்கும். ஆனால் அதற்குப் பட்டை போட்டுப் பதனிட்ட தோல் வேண்டும். ஆவாரம்பட்டையில் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய தொழில், அந்தத் தோல் கப்பலேறி இங்கிலாந்து வரை போயிற்று. பிறகு குரோமியம் வந்தது. சென்னையில் குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், ஷூவுக்கு அருமை, ஆனால் அழுத்திய உருவத்தைப் பிடிக்காது. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் வாங்கி உறை செய்ய நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. மற்றபடி மகாபலிபுரம் பக்கத்து உப்புக்காற்றில், இடுப்பு வியர்வையில், தோல் ஈரத்தைக் குடித்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதில் பிளாஸ்டிக்குக்கு முழு மார்க். ஆனால் கடற்கரை மணல் உறைக்குள் போனால் ஒவ்வொரு முறை உருவும்போதும் துப்பாக்கி மேல் உப்புத்தாள் ஓட்டுகிற மாதிரிதான்.

என்னைக் கேட்டால், உறை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளப் பனையேறியின் அருவாப்பெட்டியைப் பார்க்க வேண்டும். மட்டையிலோ பாளையிலோ மரத்திலோ செய்த ஆழமான பெட்டி, இடுப்பின் பின்பக்கம் கட்டியிருப்பார். அதில் மட்டை கழிக்க ஒரு கத்தி, பாளை சீவ ஒரு கத்தி, பிடி மட்டும் வெளியே தெரியும். ஐம்பது அறுபது அடி உயரத்தில் ஒரு கை மரத்தில் இருக்கும், மறு கை பார்க்காமல் பின்னால் போய்ச் சரியான கத்தியை எடுக்கும், வேலை முடிந்ததும் பார்க்காமலே திரும்ப வைக்கும். வைக்கும்போது தன் முதுகைக் கிழிக்கக்கூடாது, ஏறும்போது நழுவிக் கீழே நிற்பவர் தலையில் விழக்கூடாது. க்ளிக் கிடையாது, இறுக்கமும் கிடையாது. ஆழமும் எடையும் கட்டிய இடமும்தான் பிடித்துக்கொள்கின்றன. இடுப்பில் எங்கே, எந்தச் சாய்வில், எந்த ஆழத்தில் என்ற கேள்வியில் அந்தப் பெட்டி தொடங்குகிறது. நம் வீடியோக்கள் தகட்டின் நிறத்தில் தொடங்குகின்றன.

கடைசியாகச் செலவு. கைடெக்ஸ் தகடு இறக்குமதிச் சரக்கு, விலை கடிக்கும். கத்திக்குச் செய்பவர்களுக்கு பி.வி.சி. பைப் போதும். நம்ம பிளம்பர்கள் பைப் முனையைத் தீயில் காட்டி விரித்து இன்னொன்றைச் சொருகுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வித்தை. நாலு இஞ்ச் பைப்பில் ஒரு துண்டை நீளவாக்கில் அறுத்து, ஹீட் கன்னால் சூடாக்கி, இரண்டு பலகைக்கு நடுவே தட்டையாக்கி, கத்தி மேல் மடித்துச் செய்தேன். ஓரத்தில் நாலு ரிவெட். கருப்பாக்கும் அளவு சுடாமல், கொல்லையில் காற்றோட்டத்தில் செய்ய வேண்டும். க்ளிக் பிரமாதமாக வந்தது.

பிறகு வேண்டுமென்றே அதை மே மாத வெயிலில், ஜன்னல் சாத்திய காரின் டேஷ்போர்டில் நாலு மணி நேரம் வைத்தேன். வெயிலில் நிற்கும் காரில் அந்த இடம் 70 டிகிரியைத் தாண்டக்கூடியது. பைப் பி.வி.சி. ஏறக்குறைய 80இல் இளக ஆரம்பிக்கும், கைடெக்ஸும் சுமைக்குக் கீழே அதே சுற்றுவட்டாரத்தில்தான் தளரும். எடுத்துப் பார்த்தால் வாய் 3 மி.மீ. அகன்றிருந்தது, கத்தி தன் எடையிலேயே வழுக்கி வெளியே வந்தது. நான் பார்த்த வீடியோக்களில் ஒருவர்கூட இந்தச் சோதனையைச் செய்து காட்டவில்லை. குளிர்நாட்டுக்காரருக்குத் தோன்றாமல் இருக்கலாம், அரிசோனாக்காரருக்குமா தோன்றவில்லை?

இரண்டாவது உறையை ரெண்டு விரல் ஆழம் கூட்டிச் செய்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் அதன் அளவுகளைத் தனியாக எழுதுகிறேன். அருவாப்பெட்டிக்கு உங்கள் ஊரில் வேறு பெயர் இருந்தால், எதில் செய்வார்கள் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.