வானொலி நேர்காணலில் படமும் சுட்டும்

‘நேர்காணல்’ என்னும் சொல்லில் காணல் உண்டு. கன்னடத்தில் அதற்கு வழங்கும் ‘சந்தர்சன’ என்னும் வடசொல்லிலும் தரிசனம் உண்டு. ஆயினும் வானொலி நேர்காணலில் ஒருவரையொருவர் காண்பவர் பேசுவோர் இருவரே; கேட்போர் எதனையும் காண்பதில்லை. பேசுபொருள் இசையாகவோ அரசியலாகவோ இருக்குமிடத்து இக்குறை புலப்படுவதில்லை. சித்திரக்கதை, திரைப்படம், சுவரொட்டி முதலிய காட்சிப் பண்பாட்டைப் பற்றிய நேர்காணலிலோ பேசுபொருளே கேட்போருக்கு எட்டாததாகிவிடுகின்றது. அந்நிலையில் மொழி எதனைச் செய்ய வல்லது, நேர்காண்போர் அதனை எவ்வளவு பயன்கொள்கின்றனர் என்பன மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருதத்தக்கவை.

பெங்களூர் இதற்கு ஏற்ற களமாகும். மைசூரில் எம்.வி. கோபாலசுவாமி 1935-இல் தொடங்கிய ‘ஆகாசவாணி’ நிலையம் 1955-இல் இந்நகருக்கு மாறியது. நாட்டின் முதல் தனியார் பண்பலை ஒலிபரப்பும் 2001-இல் இங்கேயே தொடங்கிற்று. பலரும் ஆங்கில வெளியீடாகவே கருதும் அமர் சித்திரக் கதை வரிசை, பெங்களூர்ப் புத்தக விற்பனையாளர் ஜி.கே. அனந்தராமின் முயற்சியால் 1965-இல் முதலில் கன்னடத்தில் வெளிவந்தது. தமிழும் கன்னடமும் ஒரே வீட்டில் புழங்கும் இந்நகரில் கலைச்சொற்களே முதல் இடராகின்றன. தமிழில் ‘சித்திரக்கதை’ எனின் காமிக்ஸ். கன்னடத் திரையுலகில் ‘சித்ரகதெ’ எனின் திரைக்கதை. தமிழின் ‘படம்’ என்னும் சொல்லோ வரைந்த ஓவியம், ஒளிப்படம், திரைப்படம் ஆகிய மூன்றனையும் குறிக்கும். அச்சில் பக்கத்திலுள்ள படமே பொருளைத் தெளிவாக்கிவிடும். வானொலியில் ‘அந்தப் படத்தில்’ என்பது எப்படத்தில் என்பது தொங்கி நிற்கும். ‘கல்ட் படம்’ என்பதனை ‘வழிபாட்டுப் படம்’ என்று பெயர்ப்பாரும் உளர். உபேந்திரா இயக்கி, 1995-இல் வந்து, பன்முறை மறுவெளியீடு கண்ட கன்னடப் படமான ‘ஓம்’ நிழலுலகைப் பற்றியது. அதனை ‘வழிபாட்டுப் படமான ஓம்’ என்று வானொலியில் சொன்னால் கேட்போர் தேங்காய் பழத்தோடு அமர்ந்துவிடுவர். இவ்விடத்து ‘கல்ட்’ என்னும் கடன்சொல்லை அப்படியே ஆள்வதே நேர்மையானது.

திரைப்படத்தைக் காதுக்குக் கொண்டுவரத் தமிழ் வானொலி கண்ட வழி ‘ஒலிச்சித்திரம்’ ஆகும். படத்தின் ஒலித்தடத்தைச் சுருக்கி ஒலிபரப்பும் இம்முறை, உரையாடலால் நிற்கும் படங்களுக்கு நன்கு பொருந்தியது. 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ ஆகியவற்றைத் திரையில் பார்த்திராதவரும் அவற்றின் உரையாடல்களை அறிந்திருந்தனர். உரையாடலே இல்லாத படத்தை இம்முறை என்ன செய்யும்?

சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து, பெங்களூரில் எடுக்கப்பெற்று 1987-இல் வெளிவந்த ‘புஷ்பக விமானா’ அத்தகைய படம். தமிழில் அதற்கு இட்ட பெயர் ‘பேசும் படம்’. 1931-இல் ‘காளிதாஸ்’ வந்த காலத்தில் ஒலியுடைய திரைப்படத்தைக் குறித்த இத்தொடர், அரை நூற்றாண்டு கழித்து ஒரு சொல்லும் பேசாத படத்திற்குப் பெயராயிற்று. அதில் வரும் வேலையற்ற இளைஞன் திரையரங்கை ஒட்டிய குடியிருப்பில் வாழ்பவன். அங்கிருந்து வரும் அடிதடி ஓசையிலேயே உறங்கிப் பழகியவன். ஆள்மாறாட்டம் செய்து உயர்தர விடுதியில் தங்கும்போது அமைதியில் அவனுக்கு உறக்கம் வருவதில்லை. அவ்வோசையைப் பதிந்து கொண்டுவந்து ஓடவிட்ட பின்னரே உறங்குகின்றான். இக்காட்சியின் ஒலித்தடத்தை மட்டும் ஒலிபரப்பினால் கேட்போர் அதனைச் சண்டைக் காட்சி என்றே கொள்வர். ஒலி பொய் சொல்லவில்லை. ஆயின் அது எங்கே, யார் பொருட்டு ஒலிக்கின்றது என்பதைச் சுட்டுவார் இல்லை.

இதனை ஒருவர் நேர்காணலில் சொல்லும் வழிகள் மூன்று எனலாம். ‘அது மிக அற்புதமாகப் படமாக்கப்பட்ட காட்சி’ என்பது ஒன்று. இதில் காட்சி இல்லை, சொல்பவரின் மகிழ்ச்சியே உள்ளது. ‘அந்த இளைஞன் அந்த விடுதியில் உறங்க முயன்றான்’ என்பது மற்றொன்று. செய்தி உண்டு, தொலைவும் உண்டு. மூன்றாவது இது: ‘இவன் படுக்கிறான். இந்தப் பக்கம் புரள்கிறான், அந்தப் பக்கம் புரள்கிறான். தூக்கத்தைக் காணோம்.’ இதில் ஒரு பெயரடைகூட இல்லை. சுட்டின் மையம் ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டு நீங்கிக் கட்டிலுக்குச் சென்றுவிட்டது. கார்ல் பியூலர் 1934-இல் கற்பனைவெளிச் சுட்டு என்று விளக்கியது இதனையே. இல்லாத பொருளை இங்கே வரவழைப்பது ஒரு வகை, அப்பொருள் உள்ள இடத்திற்கு நாம் செல்வது மற்றொரு வகை என்றார் அவர். தொல்காப்பியர் சுட்டென வகுத்த அ, இ, உ மூன்றனுள் முதலிரண்டே இன்றைய தமிழக வழக்கில் எஞ்சியுள்ளன. அவ்விரண்டும் இவ்விடப்பெயர்ச்சிக்குப் போதுமானவை. (யாழ்ப்பாண வழக்கில் இன்றும் வாழும் ‘உது’, ‘உவன்’ என்பன கேட்பவர் பக்கத்தைச் சுட்டவும் வல்லவை. கேட்பவரின் இடம் அறியப்படாத வானொலியில் அவை எவ்வாறு இயங்குகின்றன என்பது தனி ஆய்வுக்குரியது.)

‘காணோம்’ என்பதும் நோக்கத்தக்கது. வடிவத்தால் அது தன்மைப் பன்மை எதிர்மறை வினைமுற்று. வழக்கில் ‘இல்லை’ என்னும் பொருளில் உறைந்துவிட்டது. உறைந்த நிலையிலும் அதன் பன்மை கேட்பவரைக் காண்போர் வரிசையில் நிறுத்துகின்றது. சிவகாசியிலிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழான ‘இரும்புக்கை மாயாவி’யின் நாயகன் மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். அதனை நினைவுகூர்பவர் ‘கை மட்டும் தெரிகிறது, ஆளைக் காணோம்’ என்று சொல்லும்போது ஒரு கட்டத்தின் முழு ஓவியமும் இரண்டு வினைகளில் வந்துவிடுகின்றது. ‘பளிச்சென்று’, ‘மினுமினுவென்று’ போன்ற குறிப்புச் சொற்களும் அத்தகையனவே. ஓசையற்ற ஒளியைத் தமிழ் ஏற்கெனவே ஓசையாக்கி வைத்திருக்கின்றது. வானொலியில் பேசுவோர் அதனை எடுத்தாண்டால் போதும்.

நியூயார்க் நகரத் தந்தை லா கார்டியா, 1945 ஜூலையில் செய்தித்தாள் விநியோகிப்போர் வேலைநிறுத்தம் செய்தபோது, நாளிதழ்ச் சித்திரத்தொடர்களைக் குழந்தைகளுக்காக வானொலியில் படித்துக்காட்டினார். ‘படித்துக்காட்டு’, ‘பாடிக்காட்டு’, ‘நடித்துக்காட்டு’ என ஒலியாலும் செயலாலும் காட்டுவதற்குத் தமிழில் துணைவினையே உண்டு. ‘சொல்லிக்காட்டு’ மட்டும் எப்படியோ குத்திப்பேசுதல் என்னும் பொருளுக்குச் சென்றுவிட்டது. சொல்லால் காட்டுவதற்கு அவ்வளவு தேவை ஏற்படவில்லை போலும்.

இத்தனை கருவிகள் இருந்தும் காட்சிக் கலைஞரை நேர்காண்போர் பெரும்பாலும் கேட்பது வாழ்க்கை வரலாற்றையே. எப்போது வரையத் தொடங்கினீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள், படம் எத்தனை நாள் ஓடியது என்னும் வினாக்கள் சுட்டுக்கு இடமளிப்பதில்லை. கலைஞரும் இறந்தகாலத்திலேயே நின்றுவிடுகின்றார். ‘அந்தப் பக்கத்தில் முதலில் என்ன தெரிகிறது?’ என்று கேட்டாலே அவர் நிகழ்காலத்திற்கு வந்துவிடுவார். இங்குக் குறை கூற வேண்டியது விடையை அன்று, வினாவையே.

ரோமன் யாகப்சன் 1959-இல் மூவகை மொழிபெயர்ப்பைப் பிரித்தபோது குறிவகை கடந்த பெயர்ப்பையும் ஒன்றாகக் கொண்டார். மொழிக்குறியை மொழியல்லாத குறியாக்குவதே அவர் கருதியது. வானொலி அதன் மறுதலையைச் செய்கின்றது. இது இனியும் கோட்பாட்டளவில் நிற்கும் செய்தி அன்று. திரையரங்குகளில் பார்வைக் குறைபாடும் செவிக் குறைபாடும் உடையோர் படம் துய்ப்பதற்கான அணுகல் நெறிமுறைகளை ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதன்படி தமிழ்ப் படங்களுக்கு ஒலிவழி வருணனை எழுதப் போவோர் மொழிபெயர்ப்பாளர்களே. அவர்கள் ‘உறங்குகின்றான்’ என்று எழுதுவதா, ‘தூங்குறான்’ என்று எழுதுவதா என்னும் இரட்டை வழக்குச் சிக்கலை உடனே எதிர்கொள்வர். செய்தியறிக்கையின் நடை இங்கே உதவாது. நல்ல நேர்காணல்களில், பேசுபவர் தம்மை மறந்து காட்சிக்குள் சென்றுவிடும் இடங்களில் ஒலிக்கும் இடைநிலை வழக்கே அருகிலுள்ள மாதிரி. வருணனை பொதுவாக உரையாடலின் இடைவெளிகளில் அமையும். ‘பேசும் பட’த்திலோ படம் முழுவதுமே இடைவெளி, எங்கும் பேசலாம். எனினும் அந்த விடுதி அறையில், நாடா சுழலத் தொடங்கி அடிதடி ஓசை எழும்போது, அவன் கண் மூடும் வரையில் வருணிப்பவர் வாய் திறவாதிருத்தல் வேண்டும்.